கொட்டலசு திறக்கும் நேரம்

அன்புள்ள ஐயா,

வருகிற மே விடுமுறையில் பிள்ளைகளோடு முட்டம் போய், கூட்டமில்லாத பாறைக் கரையில் டெண்ட் போட்டுத் தங்கலாமென்று இருக்கிறோம். போன முறை நண்டைத் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை. கடலே இல்லாத ஊர்க்காரர்கள் நாங்கள், எப்படிப் பார்ப்பது? பிள்ளைகள் பாட்டிலில் பிடித்து வரலாமா?

கா. செ., கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள செ.,

கடல் ஏறியிருந்த நேரத்தில் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நாளுக்கு இரண்டு முறை நீர் வற்றும். இன்று வற்றிய நேரத்தைவிட நாளை ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வழக்கத்தைவிட நன்றாக வற்றும். அந்த நாள் பார்த்து, முழுக்க வற்றுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போய், ஏதாவது ஒரு பாறைக் குழி முன்னால் உட்காருங்கள். உங்கள் நிழல் தண்ணீரில் விழக் கூடாது. பெரியவர் ஒருவர் கடலைப் பார்த்தபடியே இருக்க வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் சங்கு ஒன்று நடக்கும். உள்ளே துறவி நண்டு. அப்புறம் பாறையில் வெள்ளையாக, சொரசொரப்பாக அப்பியிருக்கும் கொட்டலசைப் பாருங்கள். உப்புக் கறை என்றுதான் முதலில் தோன்றும். அது நண்டு, இறாலுக்குச் சொந்தம். குஞ்சாக நீந்தி வந்து, தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் ஓடு கட்டிவிடும். அதற்கப்புறம் ஆயுசுக்கும் நகராது. வெயிலில் காய்வது மூடியை இறுக்கிச் சாத்தியிருக்கும். குழித் தண்ணீருக்குள் இருப்பதோ மூடியைத் திறந்து, இறகு போன்ற கால்களை நீட்டி, வாரி இழுத்து, மறுபடி நீட்டும். பூதக்கண்ணாடி ஒன்று அவசியம் கொண்டுபோங்கள்.

கண் பழக நம்ம பவானிக் கரையே போதும். காலையில் நீரோரப் பாறைகளில் தேடினால் தட்டான் உரித்துப்போட்ட தோல் கிடைக்கும். கால்கள் கல்லைப் பற்றியபடி இருக்க, முதுகு பிளந்து, பிளவில் வெள்ளை நூல் தொங்கும். அந்த நூல் மூச்சுக்குழாயின் உள்தோல். பிள்ளைகளுக்கு அதைக் காட்டிவிட்டு முட்டம் கூட்டிப் போங்கள்.

டெண்ட் மட்டும் வேண்டவே வேண்டாம். மே மாதம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். தெற்கே வெகுதூரத்தில் அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் திடீரென்று கரையேறும். கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே 6 அன்று, முட்டத்துக்குப் பக்கத்தில் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில், அலை இழுத்து ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்துபோனார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் இதற்கு முன்னெச்சரிக்கை வெளியிடுகிறது. கிளம்பும் முன் அதைப் பாருங்கள். கரையில் மீனவர்களிடமும் கேளுங்கள். அவர்கள் வேண்டாமென்றால் திரும்பிவிடுங்கள். ராத்திரி ஊருக்குள் அறை எடுத்துத் தங்குங்கள்.

பாட்டிலும் வேண்டாம். துறவி நண்டு வளர வளரப் பெரிய சங்கு தேடும். பிள்ளைகள் பொறுக்கும் காலிச் சங்கு அதன் அடுத்த வீடு. கல்லைப் புரட்டினால் பழையபடியே கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். அடியில் ஒட்டியிருப்பவை வெயில் பட்டால் செத்துப்போகும். ஆளுக்கொரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, பார்த்ததை அங்கேயே உட்கார்ந்து வரையச் சொல்லுங்கள். வரைந்ததை எனக்கும் அனுப்புங்கள்.