ஒரு சூஃபி குருவை அடக்க ஆங்கிலேயருக்கு இராணுவச் சட்டம் எதற்குத் தேவைப்பட்டது?

கேள்வி சிந்து மாகாணத்தின் பீர் பகாரோ, சிப்கதுல்லா ஷா ராஷ்தியைப் பற்றியது. பீர் என்றால் சூஃபி குரு, பகாரோ என்றால் தலைப்பாகை உடையவர். அந்தத் தலைப்பாகைதான் குருபீடத்தின் அடையாளம். அவருடைய சீடர்களில் உயிரையும் கொடுக்கத் துணிந்தவர்கள் ஹுர்கள், அதாவது சுதந்திரர்கள். அரசு அவர்களைக் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் அடைத்து, முள்வேலி முகாம்களில் குடும்பத்தோடு வைத்து, வருகைப் பதிவு எடுத்தது. கைரேகைச் சட்டம் என்று நம் ஊரில் கசப்போடு நினைவுகூரப்படுகிறதே, அதே சட்டம்தான்.

1930இல் பீர் கைதானார். வழக்கில் அவருக்காக வாதாடியவர் ஜின்னா; பலனில்லை. வெளியே வந்தபோது 1936. இடைப்பட்ட காலத்தில் வங்காளச் சிறைகளிலும் இருந்தார். அங்கே புரட்சியாளர்களின் பழக்கம் அவரை மாற்றியது என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது.

1941இல் மறுபடி கைது. குருவின் முகத்தைப் பார்க்க முடியாத ஹுர்கள் தந்திக் கம்பிகளை அறுத்தார்கள், கால்வாய்களை உடைத்தார்கள். 1942 மே மாதம் லாகூர் மெயில் ரயிலைக் கவிழ்த்தார்கள். அதில் பலியானவர்கள் சாதாரணப் பயணிகள் என்பதையும் மறைக்கக் கூடாது. ஜூனில் இராணுவச் சட்டம் வந்தது. ஹுர்கள் பதுங்கியிருந்த மக்கி காட்டுப் பகுதியில் விமானங்கள் குண்டு வீசின.

இராணுவ நீதிமன்றம் விசாரித்து, 1943 மார்ச் 20 அன்று ஹைதராபாத் சிறையில் (சிந்துவின் ஹைதராபாத்) அவரைத் தூக்கிலிட்டது. உடலைக் குடும்பத்திடம் கொடுக்கவில்லை. புதைத்த இடத்தையும் சொல்லவில்லை. கல்லறை எழும்பினால் அங்கே கூட்டம் சேரும் என்ற பயம். இரண்டு மகன்களையும் இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். 1952இல்தான் மூத்த மகன் தலைப்பாகை சூடினார்.