இத்தனை வழி இருந்தும் எதையும் எடுக்க முடியவில்லையே, என்ன செய்வது?

கேள்வி: வயது 22, பி.காம். முடித்து மதுரையில் இருக்கிறேன். குரூப் 4, வங்கித் தேர்வு, எம்.பி.ஏ., சென்னையில் ஐ.டி. வேலை, கீழமாசி வீதியில் அப்பாவின் மளிகைக் கடை... யோசித்தாலே தலை சுற்றுகிறது. எதை எடுப்பது?

பதில்: சுற்றத்தான் செய்யும். ஆனால் வழிகள் அதிகமாக இருப்பதுதான் காரணமா என்பதில் எனக்குச் சந்தேகம்.

ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2000-ல் வெளியிட்ட ஜாம் ஆய்வு ரொம்பப் பிரபலம். கடையில் 24 வகை ஜாம் வைத்தபோது நின்று பார்த்தவர்களில் 3 சதவீதம் பேர்தான் வாங்கினார்கள். 6 வகை வைத்தபோது 30 சதவீதம். மேடைப் பேச்சாளர்கள் இதோடு முடித்துக்கொள்வார்கள். ஆனால் 2010-ல் இதுபோன்ற பல ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது வகை கூடினால் வாங்குவது குறையும் என்ற அந்த விளைவு சராசரியில் ஏறக்குறைய பூஜ்யம்தான். தனக்கு என்ன வேண்டும் என்று தெரியாதவர்தான் அதிகம் திணறுகிறார் என்று 2015-ல் வந்த இன்னோர் அலசல் சொன்னது. விளக்குத்தூண் பக்கம் ஜவுளி எடுக்கப் போய்ப் பாருங்கள்: "ஆயிரத்து ஐநூறுக்குள்ள, மாம்பழக் கலர்" என்று கேட்கும் அம்மா அரை மணியில் பில் போட்டுவிடுவார். "சும்மா காட்டுங்க" என்றவர் முன்னால் சேலை மலையாகக் குவிந்துகிடக்கும்.

என் அக்கா மகன் போனில் குரூப் 4 குறிப்புகள், வங்கித் தேர்வு, பைத்தான், ஜெர்மன் என்று தனித்தனி டெலிகிராம் குழுக்கள். எல்லாவற்றிலும் படிக்காத செய்திகள் நூற்றுக்கணக்கில். "எதுல இருந்து வெளிய வரலாம்?" என்றேன். "ஒண்ணும் வேணாம் மாமா, இருக்கட்டும்." அந்த 'இருக்கட்டும்'தான் ஆளைச் சோர வைக்கிறது.

அவனிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். எது பிடிக்கும் என்பது அப்புறம். எந்தக் கதவு எப்போது சாத்தப்படும் என்று முதலில் பாருங்கள். வங்கி கிளார்க் தேர்வுக்குப் பொதுப் பிரிவில் 28 வயது வரை, அதிகாரி தேர்வுக்கு 30 வரை. இதர பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்று வருடத் தளர்வு உண்டு. எம்.பி.ஏ.வை வேலைக்குப் போய் நான்கு வருடம் கழித்தும் படிக்கலாம். ஐ.டி.யில் புதியவர்களை எடுக்கும்போது படிப்பு முடித்த வருடத்தைப் பார்ப்பார்கள். ஆக, எல்லாவற்றையும் இந்த வருடமே முடிவு செய்ய வேண்டியதில்லை. தேர்வுதான் என்றால் நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. போட்டித் தேர்வுக்குத் தனிப் பகுதியே உண்டு.

கடை மட்டும் வேறு கணக்கு. அது எப்போதும் இருக்கும் என்று நினைத்துத்தான் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்கு என்ன வயது, கடை சொந்தமா வாடகையா, இன்னும் எத்தனை வருடம் நடத்துவதாக இருக்கிறார்? அதற்கான கடைசித் தேதியை எந்த அறிவிப்பிலும் போட மாட்டார்கள். இன்று ராத்திரி கடை அடைத்துவிட்டு வந்ததும் அவரிடமே கேளுங்கள்.