தண்டில் மோதிரம் விழுந்த காபிச் செடி

கேள்வி: தாண்டிக்குடிக்குக் கீழே 3 ஏக்கரில் அராபிகா காபி வைத்திருக்கிறேன். ஆடி பிறந்ததிலிருந்து செடிகள் ஒவ்வொன்றாக மஞ்சளித்து வாடுகின்றன. தண்டில் மோதிரம் போட்டதுபோல் மேடு தெரிகிறது. வெயில் பட்டால் காய்ப்பு கூடும் என்று மருந்துக் கடைக்காரர் சொன்னதால், இரண்டு ஆண்டுகளுக்கு முன் பலா, முள்முருங்கை எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். இப்போது அவரே வேரில் ஊற்ற ஒரு மருந்தும் இலைக்கு ஒரு டானிக்கும் தருகிறார். வாங்கலாமா ஐயா?

பதில்: வாங்காதீர்கள். வந்திருப்பது வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்னும் வண்டு. அதன் புழுதான் தண்டைக் குடைகிறது. வாடிய செடி ஒன்றைப் பிடுங்கித் தண்டை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். புழு குடைந்த வழி நெடுகிலும் அதன் எச்சத்தூள் இறுகி அடைத்திருக்கும். கத்தி முனையால் நோண்டினாலே எளிதில் வராது. அதைத் தாண்டி மருந்து எங்கே போய்ப் புழுவைத் தொடும்? டானிக் உங்கள் பணத்தைக் கரைக்கும், அவ்வளவுதான்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, பலாவை ஏன் வெட்டினேன் என்பது. இந்த வண்டுக்கு வெயில் காயும் தண்டுதான் வேண்டும். பட்டை வெடிப்பில் முட்டையிடும். 1860-களில் குடகுத் தோட்டங்கள் இதே வண்டால் அழிந்தன. சென்னையில் பணியாற்றிய மருத்துவர் ஜார்ஜ் பிடி அவற்றை ஆராய்ந்து 1869-இல் அறிக்கை எழுதினார். நிழலை நீக்கியதே கேட்டுக்கு வழிவிட்டது என்றார். நம் நாட்டுக் காபி இன்றுவரை மரநிழலில் வளர்வதற்கு அந்தப் பட்டறிவும் ஒரு காரணம். பிரேசிலில் திறந்த வெயிலில் விளைகிறதே என்று கடைக்காரர் சொல்வார். பிரேசிலில் இந்த வண்டு கிடையாது. மரத்தை வெட்டச் சொல்லிவிட்டு அதனால் வந்த நோய்க்கு மருந்தும் விற்பவரை நான் மன்னிக்கத் தயாரில்லை.

ஐப்பசியில் வண்டு பறக்கத் தொடங்கும். புரட்டாசிக்குள் செடி செடியாகத் தண்டைத் தடவிப் பாருங்கள். மேடு தெரிந்தால் துளை இல்லாத இடம் வரை கீழே வெட்டுங்கள். துளை வேர் வரை இறங்கியிருந்தால் பிடுங்கிவிடுங்கள். வெட்டியதை அன்றே கொளுத்துங்கள். விறகாக அடுக்கி வைத்தால் அதிலிருந்தே வண்டு வெளிவரும். நல்ல செடிகளில் உதிரும் பட்டையைத் தேங்காய் நாரால் தேய்த்தெடுங்கள். கத்தி படவே கூடாது. பிறகு 200 லிட்டர் தண்ணீருக்கு 20 கிலோ சுண்ணாம்பு கரைத்துத் தண்டிலும் தடித்த பக்கக் கிளைகளிலும் பூசுங்கள்.

மழை பிடித்ததும் முள்முருங்கைக் கம்பு ஊன்றுங்கள், இடையிடையே பலாக் கன்று வையுங்கள். சில்வர் ஓக் மட்டும் வைத்து நிறுத்திவிடாதீர்கள். அதன் நிழல் மெல்லியது. காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் தாண்டிக்குடியிலேயே இருக்கிறது. பிளந்த தண்டைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய்க் காட்டுங்கள்.