டோக்கியோ பெருநகர சபை: 49-ஆ, 55-ஆ?

2017 தேர்தலில் டோமின் ஃபர்ஸ்ட் என்ற டோக்கியோவின் உள்ளூர்க் கட்சிக்கு ஒரு பட்டியலில் 49 இடம், இன்னொன்றில் 55 இடம் என்று இருக்கிறதே, எது சரி என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரிதான். 2017 ஜூலை 2 அன்று நடந்த அந்தத் தேர்தலில் கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளர்களாக நின்று ஜெயித்தவர்கள் 49 பேர். கட்சி ஆதரவோடு சுயேச்சையாக நின்று ஜெயித்த 6 பேரைத் தேர்தல் முடிந்த கையோடு கட்சி தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது, அதனால்தான் உங்கள் இன்னொரு பட்டியலில் 55 வருகிறது. மொத்த இடங்கள் எப்படியும் 127-தான்.

ஜப்பானில் இது சகஜம். வேட்புமனுவில் இருக்கும் கட்சிப் பெயர் ஒன்று, சபைக்குள் போனபின் சேரும் குழு வேறொன்று. அந்தக் குழுவைக் 'கைஹா' என்பார்கள். சுயேச்சைகளும் அதில் சேரலாம், சின்னக் கட்சிகள் கூட்டாகவும் அமைக்கலாம்.

சரிபார்க்க ஒரு வழி: சுயேச்சைகள் வரிசையைப் பாருங்கள். 49 என்று போட்டிருக்கும் பட்டியலில் அது 6 கூடுதலாக இருந்தால் சிக்கல் தீர்ந்தது. தேர்தல் ஆணையத்தின் முடிவு வேட்புமனுப்படி இருக்கும், சபையின் இணையதளம் கைஹாப்படி இருக்கும், இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்தால் கூட்டுத்தொகை உதைக்கத்தான் செய்யும்.

அப்புறம், தேர்தல் நாள் கணக்கை இன்றைய பலம் என்று எழுதிவிடாதீர்கள். இங்கே விகிதாசாரப் பட்டியல் கிடையாது, செதகாயா மாதிரி 8 பேரை அனுப்பும் தொகுதியிலும் வாக்காளருக்கு ஒரே ஓட்டு, அதுவும் கட்சிக்கு இல்லை, வேட்பாளருக்குத்தான். அதனால் உறுப்பினர் குழு மாறினாலோ இடைத்தேர்தல் வந்தாலோ எண்ணிக்கை நகரும். 2024 ஜூலையில் ஒரே நாளில் 9 தொகுதிகளில் இடைத்தேர்தல் நடந்தது. அட்டவணைக்கு மேலே தேதியைப் போட்டுவிடுங்கள்.