எங்கள் வம்சத்துப் பல்லே இப்படித்தானா?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. காலையில் மட்டுமே பல் துலக்குகிறான். இரவில் எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை. சில வாரங்களாக ஈறில் இரத்தம் கசிகிறது. எங்கள் குடும்பத்தில் பலர் 40 வயதுக்குள் பற்களை இழந்தவர்கள். ‘நம் வம்சத்துப் பல்லே இப்படித்தான், இரத்தம் நிற்கும்வரை பிரஷ்ஷைத் தொடாதே’ என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் பிரஷ்ஷைப் பற்றிய அறிவுரையை ஒதுக்கிவிடுங்கள். ஈறின் ஓரத்தில் படியும் கிருமிப் படலம்தான் பெரும்பாலும் ஈறை வீங்கவைத்து இரத்தம் கசியச் செய்கிறது; பருவ வயதின் ஹார்மோன் மாற்றங்களால் அதே அளவு படலத்துக்கும் ஈறு கூடுதலாகச் சிவந்துபோகும். துலக்குவதை நிறுத்தினால் படலம் கூடும், கசிவும் கூடும். மென்மையான தூரிகையால், ஈறின் ஓரத்தையும் சேர்த்து, இரண்டு நிமிடம் துலக்கட்டும்.

வம்சம் என்பதில் ஓரளவு உண்மை உண்டு. ஈறு நோய்க்கு ஆளாகும் தன்மை சில குடும்பங்களில் தொடர்வதை நாங்கள் காண்கிறோம். ஆனால் பல்லோடு சேர்ந்து, எப்போது துலக்குவது, இரவில் எதைக் கொறிப்பது, வலி வந்தால் மட்டுமே மருத்துவரிடம் போவது என்ற வழக்கங்களும் அதே வீட்டில்தான் கைமாறுகின்றன. பற்சொத்தையைப் பொறுத்தவரை இவற்றின் பங்கே பெரிது. ‘எப்படியும் விழப்போகிற பல்தானே’ என்று கேட்டு வளரும் பிள்ளைக்கு, தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில் எழுந்து துலக்க என்ன காரணம் இருக்கிறது?

இரவை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உமிழ்நீர். இனிப்பு உண்டபின் கிருமிகள் உண்டாக்கும் அமிலத்தைத் தணிப்பது அதுதான். உறக்கத்தில் அது வெகுவாகக் குறைந்துவிடும். அதிலும் இரண்டாம் கடைவாய்ப் பற்கள் 11 முதல் 13 வயதுக்குள் முளைப்பதால், உங்கள் மகனுக்கு அவற்றின் எனாமல் (பல்லின் கடினமான வெளிப்படலம்) இன்னும் முழுமையாக இறுகியிருக்காது.

இனி, சொல்லியும் கேட்காத பிரச்சினை. ஒரு சிறு சந்தேகம்: வீட்டில் வேறு யாராவது இரவில் பல் துலக்குகிறார்களா? (கோபிக்க வேண்டாம், இந்தக் கேள்விக்குப் பல பெற்றோர் சிரித்துச் சமாளிப்பதைப் பார்த்திருக்கிறேன்.) அவனுக்கு மட்டுமான கட்டளை தண்டனையாகவே படும். இரவு உணவு முடிந்ததும், உறக்கம் வருமுன்பே, நீங்களும் அவனோடு நின்று துலக்குங்கள். அதன்பின் வீட்டில் எல்லோருக்கும் தண்ணீர் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பற்பசையில் ஃபுளோரைடு 1,000 முதல் 1,500 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு என்ற அளவு) வரை இருக்கட்டும். நுரையைத் துப்பினால் போதும், உடனே வாயைக் கொப்பளிக்க வேண்டாம். 40 வயதில் வரப்போகும் இழப்பைச் சொல்லிப் பயமுறுத்துவதால் பயனில்லை, அந்த வயது அவனுக்கு வெகுதூரம். வாய் நாற்றமும் பல்லின் மஞ்சள் கறையும் அவனுக்கு இன்றே பொருட்டு. ஆனால் பிறர் முன்னிலையில் அதைச் சொல்லிவிடாதீர்கள்.

பல் மருத்துவரிடம் வலியில்லாத இப்போதே அழைத்துச் செல்லுங்கள். உறவினர் பலருக்கு இளம் வயதிலேயே நிலையான பற்கள் ஆடி விழுந்திருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள ஆழத்தை அளந்து பார்ப்பார்கள். ஈறில் மட்டுமின்றி மூக்கிலும் இரத்தம் வடிவது, காரணமின்றித் தோலில் நீலத் திட்டுகள் தோன்றுவது, காய்ச்சல், மிகுந்த சோர்வு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் காத்திருக்காமல் பொது மருத்துவரைப் பார்த்து இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.