சாஃப்ட்பால் ஆட்டம், கம்பிவலைக்குப் பின்னாலிருந்து 70-200 மிமீ லென்ஸ்: ஃபோகஸ் கம்பிக்கே ஓடுகிறது, பிட்சர் (பந்து வீசுபவர்) முகம் மங்கல்

ஹூடை (லென்ஸ் முன்னாலுள்ள வெயில் மறைப்பு) கழற்றிவிட்டு, லென்ஸ் முகப்பை வலைக்கண் ஒன்றுக்கு நேராகக் கம்பியை ஒட்டி வையுங்கள். ஜூம் 200 மிமீ, அப்பெர்ச்சர் (லென்ஸ் துவாரம்) எஃப்/2.8. இரண்டடி தள்ளி நின்றால் கம்பி சாம்பல் பட்டையாகப் படத்தில் படரும்.

லென்ஸ் பக்கவாட்டில் ஃபோகஸ் லிமிட்டர் (ஃபோகஸ் தேடும் தூரத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்விட்ச்) இருக்குமே, அது முழுத் தூரத்தில் இருக்கிறது போல. ‘2.5 மீ – முடிவிலி’க்குத் தள்ளுங்கள். பெண்கள் ஃபாஸ்ட்பிட்ச் (வேகப் பந்து) சாஃப்ட்பாலில் ஹோம் பிளேட்டிலிருந்தே (பேட்டர் நிற்கும் இடம்) பிட்சர் 43 அடி தள்ளி, ஆகவே இழப்பில்லை.

அப்படியும் படம் வெளிறினால், வெயில் கம்பியில் அடிக்கிறதா பாருங்கள். தொப்பியால் அந்த இடத்தை மறைத்து ஒரு படம். கறுப்பு அழுத்தமாக வந்தால் காரணம் அதுதான்.

ஷட்டர் 1/1600க்குக் கீழே வேண்டாம், விண்ட்மில் வீச்சில் (கையை முழு வட்டமாகச் சுழற்றி வீசுவது) கை கரைந்துவிடும்.

ஹோம் பிளேட்டுக்கு நேர் பின்னால் மட்டும் இப்படி லென்ஸை வலையில் ஒட்டாதீர்கள். ஃபவுல் பந்து (பேட்டில் பட்டு எல்லைக்கு வெளியே போவது) பட்டால் வலை பிதுங்கி முன்கண்ணாடியில் இடிக்கும். முதல் பேஸ் பக்கம் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.