வளவில் ரவுட்டர், இரண்டாம் கட்டில் தகராறு: டேட்டா லிங்க் கேள்வி பதில்

காரைக்குடியைச் சுற்றி நெட்வொர்க் கேபிள் இழுத்து, கம்ப்யூட்டர்களை இணைக்கும் சுவிட்ச் மாட்டிப் பிழைக்கிறவன் நான். ஒரு கருவியிலிருந்து அடுத்த கருவி வரை தகவலைக் கொண்டு சேர்ப்பது நெட்வொர்க்கின் டேட்டா லிங்க் அடுக்கு. அதைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

தேவகோட்டை, கல்லூரி மாணவி: அண்ணே, ஐபி முகவரி இருக்கும்போது மேக் முகவரி எதற்கு?

கானாடுகாத்தானில் டவுன் பஸ் ஏறி, காரைக்குடியில் சென்னை பஸ் மாறுகிறாய். போகிற ஊர் சென்னைதான், ஆனால் டவுன் பஸ் கண்டக்டர் காரைக்குடி வரைதான் டிக்கெட் கிழிப்பார். ஐபி என்பது போகிற ஊர். தகவலைச் சுற்றிப் போடும் உறையான பிரேம்தான் அந்தந்த பஸ்ஸின் டிக்கெட். அதில் எழுதும் இறங்குமிடம் மேக், அதாவது அடுத்த கருவியின் நெட்வொர்க் முகவரி. உன் லேப்டாப்பிலிருந்து கிளம்பும் பிரேமில் எழுதியிருப்பது சென்னை சர்வரின் மேக் அல்ல, உன் வீட்டு ரவுட்டரின் 48 பிட் மேக். ரவுட்டர் அந்த உறையைக் கழற்றிவிட்டு, அடுத்த கட்டத்துக்குப் புது உறை போடும்.

பள்ளத்தூர்: வழியில் ஒரு பிட் மாறிப்போனால் யார் திருத்துவார்கள்?

கேபிள் வழி நெட்வொர்க்கான ஈதர்நெட்டில் யாரும் திருத்துவதில்லை. பிரேமின் கடைசி 4 பைட் சிஆர்சி, அதாவது அனுப்புகிறவர் போட்டுவைத்த சரிபார்ப்புக் கணக்கு. வாங்குகிறவர் தானும் கணக்குப் போட்டுப் பார்ப்பார், ஒத்துவராவிட்டால் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடுவார். அனுப்பியவருக்குத் தகவல்கூடப் போகாது. மறுபடி அனுப்ப வைப்பது மேல் அடுக்கில் இருந்து, எல்லாம் வந்து சேர்ந்ததா என்று பார்க்கும் டிசிபியின் பாடு.

கானாடுகாத்தான், ஓர் ஆச்சி: தம்பி, வீட்டை விருந்தினருக்கு விடுகிறோம். ரவுட்டர் வளவில், அதாவது நடு முற்றத்துப் பக்கம் இருக்கிறது. முகப்பு அறையிலும் பின்னால் இருக்கும் இரண்டாம் கட்டிலும் சிக்னல் நன்றாகத்தான் காட்டுகிறது. ஆனால் இரண்டு பேர் சேர்ந்து வீடியோ கால் பேசினால் இழுக்கிறதே?

ஆச்சி, இது சிக்னல் கோளாறு இல்லை, சுவர் கோளாறு. வைஃபையில் பேசுவதற்கு முன் ‘வேறு யாராவது பேசுகிறார்களா’ என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். முகப்பில் இருக்கும் போனும் இரண்டாம் கட்டுப் போனும் ரவுட்டருக்குக் கேட்கும். ஆனால் நடுவில் அத்தனை கனமான சுவர்கள் இருப்பதால் ஒன்று பேசுவது மற்றதற்குக் கேட்காது. அமைதியாக இருக்கிறது என்று நினைத்து இரண்டும் ஒரே நேரத்தில் ஆரம்பிக்கும். ரவுட்டரின் காதில் இரண்டும் குழம்பிப் போகும்.

கிடைத்தது என்று ரவுட்டர் பதில் சொல்லாததால் இரண்டும் கொஞ்ச நேரம் காத்திருந்து மறுபடி அனுப்பும். திரும்ப மோதினால் காத்திருக்கும் நேரம் இன்னும் நீளும். நீங்கள் பார்க்கும் இழுவை அதுதான். அனுப்புவதற்கு முன் ரவுட்டரிடம் அனுமதி கேட்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. ஆனால் கேட்க வேண்டியது விருந்தினரின் போன், அதைப் பெரும்பாலும் நாம் கட்டாயப்படுத்த முடியாது.

இரண்டாம் கட்டுக்கு ஒரு கேபிள் இழுத்து, அங்கே வைஃபை கொடுக்கும் தனிப் பெட்டி (ஆக்சஸ் பாயின்ட்) வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்று சேனல் 1 என்றால் மற்றது 6 அல்லது 11, அப்போதுதான் ஒன்றின் பேச்சு மற்றதோடு மோதாது. தெருவுக்குத் தெரு நீளும் வீடு என்பதால் கேபிள் ஓடும் வழியை அளந்துவிடுங்கள், செம்புக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை. சுண்ணாம்புப் பூச்சில் துளை போடச் சொன்னால் மட்டும் நான் வரமாட்டேன்.

காரைக்குடி, கடைக்காரர்: திடீரென்று சுவிட்சில் எல்லா விளக்கும் ஒன்றாகச் சிமிட்டி, பில் போடும் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிட்டது. வைரஸா?

முதலில், ஒரே கேபிளின் இரண்டு முனையும் அதே சுவிட்சில் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லோருக்குமான பிரேம் வந்தால் சுவிட்ச் அதை வந்த வாசலை (போர்ட்) விட்டு மற்ற எல்லா வாசலிலும் அனுப்பும். அது வளையத்தில் சுற்றித் திரும்பி வரும், மறுபடி அனுப்பும். ஐபி பாக்கெட்டுக்கு ஆயுசு எண் உண்டு, ஈதர்நெட் பிரேமுக்குக் கிடையாது. ஓயாது.

இதைத் தடுக்கத்தான் கணினி அறிஞர் ராடியா பெர்ல்மன் 1985-ல் ஸ்பானிங் ட்ரீ முறையை வடிவமைத்தார். வளையம் தெரிந்தால் ஒரு வாசலை அடைத்துவிடும். விலை குறைந்த சுவிட்சுகளில் பெரும்பாலும் அது இருப்பதில்லை. ஒரு லாட்ஜில் நான் அரை நாள் சுவிட்சைத் திட்டிக்கொண்டே தேடினேன். கடைசியில், தரை கூட்டும்போது தொங்கிக்கொண்டிருந்த கேபிள் முனையை யாரோ அக்கறையாக அதே சுவிட்சில் செருகிவைத்திருந்தார்கள்.